மறுக்காமல் போனவள்

“அம்மா, எதிர்த்துப் பேசினா எனக்குத் திட்டு விழுது. உங்க ஆபீஸ்ல மட்டும் ஏன் அதுக்கு மார்க் போடுறீங்க?”

சின்ன வயதில் மகள் கேட்ட கேள்வி. இந்த மொழியைப் புதிதாகக் கற்றவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்தும் அம்மாவுக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது.

பல வருடங்கள் கழித்து ஒரு நாள் காலை, தேர்வறைக்குள் வந்த பெண்ணைத் தேர்வாளரான அந்த அம்மாவுக்குப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. முதியோர் இல்லத்தில் அவருடைய அப்பாவைப் பார்த்துக்கொண்டவள். அப்பாவின் மூச்சு அடங்கியபோது தேர்வாளர் இதே அறையில் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் இவள்தான்.

தெரிந்தவர் வந்தால் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும் என்பது விதி. தேறினால் இவளுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். நம்மால் ஆன உதவியைச் செய்வோம் என்று தேர்வாளர் வாயைத் திறக்கவில்லை.

அவள் எடுத்த சீட்டில், ‘பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பது தவறு’ என்று இருந்தது. அவள் அதற்காக வாதாட வேண்டும். தேர்வாளர் மறுப்பார். அந்த மறுப்பை அவள் முறியடித்தால்தான் தேர்ச்சி.

“வயசானவங்களுக்குச் சோறும் மருந்தும் மட்டும் போதாதுங்க. தெரிஞ்ச முகம் வேணும். முழிச்சா பேர் சொல்லிக் கூப்பிட ஆள் வேணும்.”

“வேலைக்குப் போற பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க? இல்லத்துல நல்லாத்தானே பாத்துக்கறாங்க?” என்று தேர்வாளர் முறைப்படி மறுத்தார். கடைசிச் சொல்லில் குரல் கம்மியது.

அவள் நிமிர்ந்தாள். அப்போதுதான் அவளுக்கும் முகம் பிடிபட்டது.

“ஆமாங்க. நீங்க சொல்றதுதான் சரி. பிள்ளைங்க மேல தப்பே இல்ல.”

“மறுத்துப் பேசலாம்மா. தேர்வே அதுக்குத்தான்.”

“மறுக்க ஒண்ணும் இல்லீங்க. நிம்மதியாத்தான் போறாங்க, பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்.”

கும்பிட்டுவிட்டு வெளியே போனாள்.

உடன் இருந்த இரண்டாம் தேர்வாளருக்கு அலுவலகத்தில் ‘தராசு’ என்று பெயர். “பேச்சு சுத்தமா இருக்கு. ஆனா வாதம் எங்கே? தலையாட்டிப் பொம்மைக்கு எப்படிம்மா மார்க் போடுறது?”

“பாவம், சார்...”

“பாவத்துக்கு இதுல கட்டம் இல்லையே” என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் கசந்தது. எதிரே இருப்பவர் மனம் நோகக் கூடாது என்று ஒருத்தி தன் பிழைப்பையே விட்டுக்கொடுத்தாள். அதைக் கடவுள் பார்த்திருப்பார். மதிப்பெண் பட்டியல் பார்க்காது.

தேர்வாளர் கணினியைத் தம் பக்கம் திருப்பினார். ‘இந்தப் பெண்ணை எனக்கு முன்பே தெரியும். மறைத்துவிட்டேன்’ என்று எழுதி அனுப்பினார். இந்தத் தேர்வு ரத்தாகும். அவள் வேறொருவர் முன்னால், மனம் நோகுமோ என்ற பயமின்றி, மறுபடி பேசலாம். மறைத்தவருக்கு இனி இந்த வேலை கிடையாது. அவளுக்கு ‘நிர்வாகக் காரணம்’ என்று மட்டும் தகவல் போகும்.

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை மேசையோடு சேர்த்துப் போட்டுவிட்டு, தராசு திரும்புவதற்குள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.