மூன்று சொட்டு நீலகிரித் தைலம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை அன்னவாசல் பஸ்ஸில் ஒட்டுக்கேட்டது. முன் சீட்டுக்காரி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "தைலம் எண்ணெயில சேத்தி இல்லைன்னு எம்புட்டோ சொன்னேன், கேக்கலையே மதினி." அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கிவிட்டார்கள். மிச்சம் முழுக்க என் கைச்சரக்கு.

2

'சித்திரை வெயிலில் ஆவூர்க் கோயில் கோபுரம் தகதகவென்று...'

வேண்டாம். கோபுரத்துக்கா தொண்டை கட்டிக்கொண்டது?

அடைக்கலமேரிக்குக் கட்டிக்கொண்டது. 1957, பெரிய வெள்ளிக்கு முந்தின நாள். கணவன் ஆரோக்கியமுத்து மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறான். பதினாலு மாதமாகக் கடிதம் இல்லை. அவனிடமிருந்து சேதி வர மாதாவுக்கு இரண்டு நேர்ச்சை வைத்திருந்தாள். தவக்காலம் நாற்பது நாளும் தலைக்கும் எண்ணெய் இல்லை, தாளிக்கவும் இல்லை. பெரிய வெள்ளியன்று கோயிலில் ஏசுவின் பாடுகளைச் சொல்லிப் புலம்பல் பாட வேண்டும். முப்பத்தெட்டாவது நாள் குரல் வெறும் காற்றாக வருகிறது.

3

நாத்தனார் சந்தனமேரி மீமிசலில் வாழ்க்கைப்பட்டவள், பெரிய வெள்ளிக்காகப் பிறந்த வீடு வந்திருந்தாள். கடலிலிருந்து சளியோடு திரும்பும் கணவனுக்கு ஆவி பிடிக்கவைத்தே கைதேர்ந்தவள். கொதித்த தண்ணீரை இறக்கி, மூன்று சொட்டு நீலகிரித் தைலம் விட்டு, போர்வையால் மூடுவாள். அன்றும் தைலத்தை விட்டுவிட்டுப் போர்வையோடு வந்து நின்றாள்.

(தைலத்தை நேராக அடுப்பில் வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். ஆவி பிடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கதையை நம்பாவிட்டாலும் இதை நம்புங்கள்.)

"மதினி, இது எலையில எடுத்தது. எண்ணெயில சேத்தி இல்ல. ஆவியத்தானே இழுக்கப் போறீங்க?"

பஸ்ஸில் கேட்ட சாக்கைத்தான் கொடுத்திருக்கிறேன். நல்ல சாக்கு. அடைக்கலமேரி பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எண்ணெய் மாதிரி மெதக்குதே," என்றாள், கிசுகிசுப்பாக. "என்னைய ஏமாத்தலாம், மாதாவ ஏமாத்த முடியுமா? அங்கிட்டுக் கொண்டு போ."

4

ஒரு பக்கம் கிழித்தேன். அதில் பங்குச் சாமியாரை வரவழைத்து, மருந்துக்கு விலக்கு உண்டு என்று சொல்லவைத்திருந்தேன். அவள் அவரிடமும் தலையாட்டியிருக்க மாட்டாள்.

பிற்பகலில் தனியாக முதல் அடியைப் பாடிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"ஏ சந்தனம், தண்ணியச் சுட வை. அது எண்ணெய்தான். தெரிஞ்சேதான் தொடுறேன். நாளைக்குப் பாடாம நிக்க முடியாது. விரதத்த ஈஸ்டர்லேருந்து மறுபடி நாப்பது நாள் இருந்துக்கிறேன்."

"ஊரே கறிச்சோறு திங்கிற அன்னைக்கா மதினி?"

"திங்கட்டும்."

இந்தத் 'திங்கட்டும்' நான் யோசித்து வைத்ததில்லை. இங்கேதான் அவள் மேல் எனக்கு மரியாதை வந்தது, கொஞ்சம் பயமும்.

5

இரவுக்குள் மூன்று முறை ஆவி பிடித்தாள். வெள்ளிக்கிழமை பாடினாள். கரகரப்புத்தான், மேலே ஏறவேண்டிய இடத்தில் ஏறவில்லை. ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது.

இனி கடிதம். முடிவு ஒன்று: சனிக்கிழமை காலை தபால்காரர் சிரித்துக்கொண்டே... இல்லை. முடிவு இரண்டு: தோட்டத்திலிருந்து வேறு யாரோ எழுதிய... அதற்கு எனக்கு மனமில்லை.

ஆரோக்கியமுத்து எழுதுவது போல நாலு வரி எழுதுவது பெரிய வேலை இல்லை. ஆனால் நான் கொடுத்த சாக்கையே வாங்காதவள், என் கையெழுத்தையா நம்பிவிடுவாள்? நீங்கள் வேண்டுமானால் எழுதுங்கள். ஈஸ்டர் முடிந்து பதினோரு நாள் ஆகிறது. வறண்ட தலையோடு வாசலில் நிற்கிறாள், தபால்காரர் வரும் நேரம். பொய் மட்டும் எழுதாதீர்கள். அவளுக்கு அவசரமில்லை, இன்னும் இருபத்தொன்பது நாள் இருக்கிறது.