கள்ளிக்குத் தண்ணீர்

பஹ்ஜத்துக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் தண்ணீர். யாராவது தலைவலி என்றால் ஒரு கிளாஸ் தண்ணீர். தெருவில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் ஆளுக்கொரு கிளாஸ். தலை நரைக்கும் வரை ஷுப்ராவில் நைல் கரையோரத்து நீரேற்று நிலையத்தில் வால்வு திறந்து மூடும் வேலை பார்த்தவர். மூடியதைவிடத் திறந்ததுதான் அதிகம் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். கோடையில் மேல்மாடிக்காரர்கள் ஜன்னலைத் திறந்து கத்தினால் போதும், அதிகாரி சொன்ன அளவுக்கு மேல் ஒரு சுற்று திருப்பிவிடுவார். ஏதாவது ஒரு சந்தில் குழாய் வெடிக்கும். கேட்கிறவனிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது என்பது அவருடைய கட்சி.

அப்பேர்ப்பட்ட மனிதரின் பொறுப்பில்தான் தண்ணீர் ஆகாத இரண்டு ஜீவன்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, சிறுநீரகம் கெட்டுப்போன மனைவி இன்ஸாஃப். மற்றது, ஜன்னலோரம் பாலாடைக்கட்டி டப்பாவில் நின்ற சப்பாத்திக்கள்ளி.

கள்ளி அவர்கள் மகனின் கல்லறையிலிருந்து வந்தது. ஹைதம் கட்டாய ராணுவச் சேவையில் இருந்தபோது லாரி கவிழ்ந்து இறந்தான். எல்லோரும் செய்வதுபோல் தலைமாட்டில் கள்ளி நட்டார்கள். பிறகு அந்த இடுகாட்டின் மேல் மேம்பாலம் வந்தது. மகனைத் தோண்டி எடுத்து, வெள்ளைத் துணியில் முடிந்து, நகரத்தைத் தாண்டிப் பாலைவனத்தில் ஒதுக்கிய புது இடத்தில் வைத்தார்கள். முதல் முறை தோளில் கனத்தவன் இந்த முறை மடியில் அடங்கினான். கள்ளியை என்ன செய்வது என்று யாரும் உத்தரவு போடவில்லை. இயந்திரம் வந்து மழிப்பதற்குள் இன்ஸாஃப் முக்காட்டு நுனியால் ஒரு மடலைப் பற்றி ஒடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அதுதான் டப்பாவில் வளர்ந்தது.

அவள் தங்கை தஃபீதாவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "கல்லறைச் செடிய எவளாவது வீட்டுக்குள்ள வெப்பாளா? சாவுக்கு நாமளே கதவத் திறந்து வெக்கிற மாதிரி."

"அது ஏற்கெனவே இங்க வந்து டீ குடிச்சிட்டுப் போனதுதானேடி" என்பாள் இன்ஸாஃப். "இனிமே யாரு வழி காட்டணும் அதுக்கு?"

கள்ளியைத் தொட அவள் யாரையும் விடமாட்டாள். டப்பா மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பாள். அடிவரைக்கும் காய்ந்திருந்தால் ஒரு சின்ன டீ கிளாஸ் அளவு தண்ணீர். பனிக்காலத்தில் அதுவும் கிடையாது. தான் போனபின் அதை மகனும் தானும் கிடக்கும் இடத்தில் நட வேண்டும் என்பது அவள் கணவனிடம் கடைசியாகக் கேட்டிருந்த ஒரே காரியம். நகை கேட்டுச் சலித்தவள், ஹஜ் கேட்டுச் சலித்தவள். இதைக் கேட்டபோது பஹ்ஜத், இதுவாவது நம் சக்திக்கு உட்பட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அவளுக்கும் மருத்துவர் அளவு போட்டிருந்தார். டயாலிசிஸ் செய்கிற உடம்பு, குடிக்கிற தண்ணீர் வெளியே போகாது, நுரையீரலில் போய்த் தேங்கும் என்று படம் வரைந்தே காட்டினார். இன்ஸாஃப் எலுமிச்சைத் தோலைச் சப்பிக்கொண்டு பொழுதை ஓட்டுவாள். ஓடாத பொழுதில், "நாக்கு அண்ணத்துல ஒட்டுது, அபூ ஹைதம்" என்பாள்; ஹைதமின் அப்பா என்று மகன் பெயரைச் சேர்த்தே அவரைக் கூப்பிடுவாள். அவ்வளவுதான், பஹ்ஜத்தின் கை பானைக்குப் போய்விடும். கொஞ்சம்தானே, ஒரு வாய்தானே. திறந்து பழகிய கை.

ஒரு நாள் மூச்சு விட முடியாமல் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வீட்டில் யார் தண்ணீர் கொடுத்தது என்று மருத்துவர் கேட்டார். பஹ்ஜத் தரையைப் பார்த்தார். தஃபீதா பஹ்ஜத்தைப் பார்த்தாள்.

இன்ஸாஃப் ஆஸ்பத்திரியிலேயே தங்கும்படி ஆகிவிட்டது. வியாழக்கிழமை வந்தது. வழக்கமாக வியாழன்தோறும் இருவரும் மகனைப் பார்க்கப் போவார்கள், தண்ணீர் தெளித்து ஃபாத்திஹா ஓதிவிட்டு வருவார்கள். மனைவியை அப்படியே விட்டுவிட்டுப் பாலைவனம் வரை போக அவருக்கு மனம் வரவில்லை. யோசித்தார். கல்லறைதான் எட்டத்தில் இருக்கிறது, கல்லறையின் கள்ளி வீட்டில் இருக்கிறதே. முகம் கை கால் கழுவி, ஜன்னல் எதிரில் நின்று ஓதி, செம்பில் இருந்ததை டப்பாவில் கவிழ்த்தார். ஜன்னல் திட்டு கறைபடக் கூடாதென்று அடியில் தட்டு வைத்திருந்தார். வடிந்ததெல்லாம் அங்கேயே நின்றது. மனதுக்கு இதமாக இருந்ததால், மறுநாள் வெள்ளிக்கிழமைதானே என்று இன்னொரு செம்பு. அப்புறம் கிழமை பார்ப்பதை விட்டுவிட்டார்.

கள்ளி வெளுத்தது. தாகம் போலிருக்கிறது என்று மேலும் ஊற்றினார். ஒரு காலையில் அது தொழுகையில் குனிகிறவன்போல் ஜன்னல் திட்டின் மேல் சாய்ந்து கிடந்தது. அடிமடலைத் தொட்டார். கனிந்த அத்திப்பழம்போல் விரல் உள்ளே போனது. சாக்கடை வாடை. பஹ்ஜத் அந்த விரலை நீட்டிப் பிடித்தபடியே வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அன்று ஆஸ்பத்திரியில் இன்ஸாஃப் முதலில் கேட்டது கள்ளியைத்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் வீட்டிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். வாய் வரவில்லை. ஊற்றினேன் என்றார். எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. அவரோடு குடித்தனம் நடத்தியவள் அல்லவா.

அழுவாள் என்று நினைத்தார். சிரித்தாள். சிரிப்பு மூச்சிரைப்பில் போய் முடிந்தது.

"உங்க கிட்ட ஒட்டகத்தக் குடுத்தாலும் முக்கியே கொன்னுருவீங்க" என்றாள். பிறகு, "நுனி மடலு எப்படி இருக்கு? கெட்டியா, கொழகொழன்னா?"

கெட்டியாகத்தான் இருந்தது என்றார்.

"அப்ப அழுகினதத் தூர எறிஞ்சிட்டு அதை மட்டும் வெட்டி எடுங்க. நிழல்ல போடுங்க. வெட்டுன வாய் தோலு மாதிரி காயணும். அப்புறமா மணல்ல நட்டு வெச்சாப் போதும். வேர் பிடிக்கிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது. கேக்குதா? யாரு கேட்டாலும்." அவர் கையைப் பிடித்தாள். "எனக்குத்தான் உங்களால முடியல. அதுக்காவது மாட்டேன்னு சொல்லுங்க."

பஹ்ஜத் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அவள் உதட்டை நக்கிக்கொண்டு கதவைப் பார்த்தாள். நர்ஸ் இல்லை. "அபூ ஹைதம்" என்றாள்.

அவர் கொடுத்தார்.

மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள். இதயம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு கிளாஸ் அதில் சேருமா சேராதா என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. பஹ்ஜத்தும் கேட்கவில்லை.

நாற்பதாம் நாள் குடும்பமே வேன் பிடித்துப் புது இடுகாட்டுக்குப் போயிற்று. பெண்கள் மடியில் ஏழைகளுக்குக் கொடுக்கும் ரொட்டியும் பேரீச்சையும், ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரும். பஹ்ஜத்தின் கோட்டுப் பையில் செய்தித்தாளில் சுற்றிய மடல். வெட்டுவாய் செருப்புத்தோல்போல் காய்ந்திருந்தது. முள் துணியைத் துளைத்து வழிநெடுகக் குத்திக்கொண்டே வந்தது. அவர் பையை மாற்றவில்லை.

மணலைக் கையால் பறித்து நட்டார். இடுகாட்டுக் காவலாள் வழக்கப்படி பிளாஸ்டிக் குடத்தோடு ஓடி வந்தான். பஹ்ஜத் அவன் கையில் பணத்தைத் திணித்தார். அவன் குடத்தைச் சாய்க்கப் போனான். அவர் குடத்தின் வாயை உள்ளங்கையால் பொத்தினார்.

"ஊத்துறதுக்கில்ல. ஊத்தாம இருக்கிறதுக்கு."

காவலாள் அவரை ஏற இறங்கப் பார்த்தான். தண்ணீர் ஊற்றப் பணம் வாங்கியிருக்கிறான், ஊற்றாமலே ஊற்றியதாகச் சொல்லியும் வாங்கியிருக்கிறான். இது புதிது.

அதற்குள் தஃபீதா பாட்டிலைத் திறந்துகொண்டு வந்தாள். பஹ்ஜத் குறுக்கே நின்றார். கெஞ்சினாள். நகரவில்லை. உறவினர்கள் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். துக்கத்தில் மூளை குழம்பிவிட்டது என்று ஒருத்தர் அவர் காதுபடவே சொன்னார். மனிதர் அசையவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வால்வை இறுக மூடி, அதன்மேல் ஏறியும் உட்கார்ந்துவிட்டார்.

தஃபீதா பாட்டிலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "உயிரோட இருந்தப்ப கேட்டப்பல்லாம் ஊத்திக் குடுத்தீங்களே. இப்ப மண்ணுக்குள்ள காஞ்சு கிடக்கிறவளுக்கு ஒரு வாய் கிடையாதா?"

"அப்ப குடுத்ததே போதும், தஃபீதா."

அவள் பாட்டிலை அவர் காலடியில் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வேனுக்குப் போனார்கள். ஹாரன் அடித்தது. வருகிறேன் என்று கையைக் காட்டினார்.

வெயில் ஏறியிருந்தது. மணலில் அந்த ஒற்றை மடல், யாரோ தவறவிட்ட செருப்புபோல் நட்டுக்கொண்டு நின்றது. வேர் பிடிக்குமா என்று அதற்கே தெரியாது. பாட்டில் காலடியில் இருந்தது. கொஞ்சம்தானே, ஒரு வாய்தானே என்று அவர் கை தன்பாட்டுக்கு நீள்வதை அவரே பார்த்தார்.

எடுத்தார். கல்லறைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, நோன்பை ஒளித்து முறிக்கிறவன்போல் குடித்தார். தாகம் தீர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. வயிறு முட்டியது. கண்ணில் நீர் கோத்தது. ஒரு சொட்டு மிச்சம் இருந்தாலும் கை சும்மா இருக்காது.

பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தார். பிறகு வேனை நோக்கி நடந்தார்.