கலங்கிய குடுவை

மூன்றாவது குடுவையும் கலங்கிப் போயிருந்தது.

அவள் நுண்ணோக்கியில் கண் வைத்தாள். கண்ணுக்குள் வைத்து வளர்த்த நோய் எதிர்ப்பு செல்கள் சுருங்கிக் கிடந்தன. நடுவில், ஒன்றின் தோளில் இன்னொன்று முளைத்தபடி, ஈஸ்ட் கூட்டம் ஜாம்ஜாமென்று குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. குடுவையில் கலந்திருந்தது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து; அது ஈஸ்ட்டை என்ன செய்யும்?

வழிகாட்டி மேடமும் எட்டிப் பார்த்தார். "மறுபடியுமா? மத்தவங்களுக்கெல்லாம் நல்லாத்தானே வளருது, உனக்கு மட்டும் எப்படிம்மா?"

"தெரியல மேடம்."

"உறைய வெச்சதுல ஒரே ஒரு குப்பிதான் மிச்சம். அதுவும் போச்சுன்னா இந்த வருஷம் உனக்குப் பட்டம் இல்ல. சொல்லிட்டேன்."

தலையாட்டினாள். அழக்கூட உடம்பில் தெம்பில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அடம்பிடித்துச் சேர்ந்த நுண்ணுயிரியல் முதுகலை. 'உனக்கெதுக்கு இந்த வயசுல' என்ற நாத்தனாரின் முகம் கண்முன் வந்து போனது. குடுவையில் ப்ளீச்சை ஊற்றிவிட்டு, வெளியே வந்து நாற்காலியில் சரிந்தாள். வெள்ளைக் கோட்டின் கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ரொட்டி வாசனை அடித்தது.

அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் கணவன் பேக்கரியில் மாவு பிசைபவன். விடாத மழையில் துணி காயவில்லை என்று, அவள் கோட்டைத் தானே துவைத்து, பேக்கரி அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, விடியும்போது சூடாகக் கொண்டுவந்து போர்த்துவான். அந்தச் சூட்டுக்காகத்தான் அவள் தினமும் எழுந்ததே. அடுப்புக்கு எதிரில்தான் ஈஸ்ட் கலந்த மாவு பொங்கும் மேசை.

அன்று சாயங்காலம் சொன்னாள். அவன் முகம் வாடிவிட்டது.

"அப்ப எல்லாத்தையும் கெடுத்தது நான்தானா?"

"நீங்க இல்லீங்க. உங்க மாவு."

"நல்லது பண்றேன்னு நெனச்சு…"

"அதனாலதான் கோவப்படக்கூட முடியல. நாலு வார்த்த திட்டினாலாவது கொஞ்சம் தெம்பு வரும்."

அதன்பின் கோட்டு ஆய்வகத்தை விட்டு வெளியே வரவில்லை. அங்கேயே துவைத்து, அங்கேயே நீராவியில் வேகவைத்து மாட்டினாள். காலையில் அவள் கிளம்பும்போது, வேலை முடிந்து வந்தவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பான்.

"கட்டின புருஷன எட்ட நிக்கச் சொல்ற படிப்ப இப்பதான்டி பாக்கறேன்."

"பேசாம இருங்க, சிரிச்சா இன்னும் களைப்பா வருது."

கடைசிக் குப்பியை உருக்கி வளர்த்தாள். ஒவ்வொரு நாளும் நாலைந்து முறை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். வார முடிவில் மேடம் குடுவையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் பேக்கரிக்குப் போன் செய்தாள்.

"தெளிவா இருக்குங்க."

மறுமுனையில் மாவு இயந்திரம் நின்றது. "அப்ப பக்கத்துல வரலாமா?"

"குளிச்சிட்டு வாங்க. தலைக்கும்."

அவன் வந்து குளித்துத் தலை துவட்டும் சத்தம் கேட்டது. பக்கத்தில் வருவதற்குள் அவளுக்குக் கண் செருகிவிட்டது.