லிமெரிக்கில் கை நனைத்தது யார்?

கன்னியப்பனுக்குப் பசி என்றால் சாதாரணப் பசி இல்லை. மரக்காணத்தில் உப்பு வாரும் நாளில் உச்சி வெயில் மண்டையில் இறங்கும்போது வயிறு ஒரு கத்து கத்துமே, அந்தப் பசி. அயர்லாந்தில் வந்து இறங்கியதிலிருந்து மகள் வீட்டில் ரொட்டியும் பழமும் டப்பா தயிரும்தான். அந்தத் தயிரிலும் சர்க்கரையைப் போட்டு வைத்திருந்தான் எவனோ பாவி. மகள் சங்கீதா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிப்ட் ஷிப்டாக ஓடுகிறவளைப் போய் சமைக்கச் சொல்ல முடியுமா? சரி, மனைவி ஜெயா சமைக்கட்டும் என்றால், அவள் கடுகு தாளித்த புகைக்கே வீட்டில் அலாரம் அலறி, கீழ்வீட்டுக்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அதோடு அந்த அடுப்புக்கு ஒரு கும்பிடு.

ஐப்பசியில் உப்பளம் முழுக்கத் தண்ணீர் ஏறிக்கிடக்கும், பாத்தியில் வேலை இருக்காது என்பதால்தான் மகள் டிக்கெட் போட்டதும் கிளம்பி வந்தார்கள். மழைக்குத் தப்பி வந்தால் லிமெரிக்கிலும் மழை. "இந்த ஊர்ல ஒரு கைப்பிடி உப்பு எடுக்க முடியாது. எப்படித்தான் பொழைக்கிறானுங்களோ" என்று கன்னியப்பன் ஜன்னலோரம் நின்று அந்த நாட்டுக்காகத் தினமும் கவலைப்பட்டார்.

அதனால், "இன்னிக்கி நம்ம ஊரு சாப்பாடு, வெளிய போலாம்" என்று சங்கீதா சொன்னபோது, மகளைப் பெற்ற பலனை அடைந்துவிட்டதாகவே நினைத்தார்.

கடைக்குப் பெயர் மஹாராஜா பேலஸ். வாசலில் ஒரு சுண்ணாம்பு யானை. உள்ளே சுவரெல்லாம் ராஜாக்கள், எந்த ஊர் ராஜாவோ, எல்லோருக்கும் ஒரே மீசை. பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் கிழவியும் அப்பளத்தை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார்.

அப்போது சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மாள் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கண்ணே. வாங்கண்ணி. நல்லாருக்கீங்களா? நான் அம்சவல்லி. நமக்கும் உங்க பக்கந்தான், பெரிய முதலியார்சாவடி சொந்த ஊரு."

கன்னியப்பனுக்குச் சுருக்கென்றது. ஹோட்டல்காரி என்றால் சார் என்பாள், மேடம் என்பாள். அண்ணே, அண்ணி என்றால் இவள் தங்கச்சி ஆகிறாள். தங்கச்சிக்குப் பிள்ளை இருந்தால் அவன் தன் மகளுக்கு முறைப்பையன் ஆகிறான். யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பிள்ளையே தண்ணீர் ஜக்கோடு வந்து நின்றான். பெயர் கௌதம். கடை முதலாளியும் அவன்தான், சமையல்காரனும் அவன்தான். டம்ளரில் ஊற்ற வேண்டிய தண்ணீரை மேசையில் ஊற்றினான். சங்கீதா மெனு கார்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அடிப்பாவி! சாப்பாடு என்று சொல்லி மாப்பிள்ளை பார்க்க அல்லவா கூட்டிவந்திருக்கிறாள்!

கன்னியப்பன் பக்கத்து வழக்கம் என்னவென்றால், சம்பந்தம் பேசப் போன வீட்டில் பேச்சு முடிகிற வரைக்கும் யாரும் கை நனைக்க மாட்டார்கள். காபி குடிக்கலாம், பிஸ்கட் கடிக்கலாம். சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் அந்த ஆண்டவனே வந்தாலும் பின்வாங்க முடியாது. அவரோ, பக்கத்து உப்பளக்காரர் அசோகனிடம், "உன் பையனுக்குத்தான் என் பொண்ணு, தை மாசம் பேசிடலாம் மச்சான்" என்று எப்போதோ வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அதை ஜெயாவிடம் சொல்லவில்லை, சங்கீதாவிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

"எனக்குப் பசியில்ல" என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, சாப்பாடு வந்துவிட்டது. மெனுவில் இல்லாத சாப்பாடு. ஆவி பறக்கும் சோறு, வஞ்சிரக் குழம்பு, வறுத்த நெத்திலி, கத்தரிக்காய் கருவாட்டுப் பொரியல். அந்த நெத்திலியின் வாசனையில் கன்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கையிரண்டையும் எடுத்துத் தொடைக்கடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அப்பா, இது ஹோட்டல்ப்பா. சும்மா சாப்புடு" என்றாள் சங்கீதா.

"ஹோட்டல்னா எதுக்கு அண்ணேன்னு கூப்புடுது? இவங்க வீடு எங்க?"

"மாடில."

"பாத்தியா! மேல வீடு, கீழ ஹோட்டல். நான் இப்ப எங்க உக்காந்திருக்கேன், வீட்டுலயா ஹோட்டல்லயா?"

இப்படிப்பட்ட சிக்கலைத் தனியாளாகத் தீர்க்க முடியாது. போனை எடுத்து ஊருக்கு வீடியோ கால் போட்டார். போட்டது யாருக்கு? சாட்சாத் அசோகனுக்கே. மனுஷனுக்குப் பசி வந்தால் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். அங்கே சாயங்காலம், மழைக்கு ஒதுங்கிய கூட்டம் மொத்தமும் டீக்கடையில். விஷயத்தைக் கேட்டதும் அசோகன் முகம் கறுத்துப்போனது. ஆனாலும் நியாயஸ்தர், விசாரணையை நடத்தினார்.

"மச்சான், அந்த வீட்டுக்கும் ஹோட்டலுக்கும் அடுப்பு ஒண்ணா, ரெண்டா?"

கௌதம் எட்டிப் பார்த்து, "ஒண்ணுதாங்க" என்றான். பொய் சொல்லத் தெரியாத பையன்.

"ஒரே அடுப்புன்னா அது வீடுதான். தொடாத!" என்று டீக்கடையிலிருந்து ஒரு குரல். "காசு வாங்குறாங்கல்ல, அப்ப கடைதான்" என்று இன்னொரு குரல். கொஞ்ச நேரம் அங்கே ஒரே கூச்சல். கடைசியில் அசோகன் தீர்ப்பைச் சொன்னார்: "பில்லு கட்டினா ஹோட்டல். கட்டலன்னா சம்மந்தம். நீ பேசாம பில்லக் கட்டிடு மச்சான். எதுக்கும் சாப்புடறதுக்கு முன்னாடியே கட்டிடு."

கன்னியப்பனுக்குப் போன உயிர் வந்தது. போனை டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு, "தம்பி, பில்லு கொண்டா" என்றார்.

"இன்னும் சாப்பிடவே இல்லீங்களே."

"அது என் பாடு. நீ கொண்டா."

"அண்ணன் கிட்ட தங்கச்சி காசு வாங்குவாளா?" என்று அம்சவல்லி கல்லாவுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றுவிட்டாள். "நான் செத்தாலும் வாங்க மாட்டேன்."

"வாங்கித்தான் ஆவணும்! வாங்கலன்னா போலீசக் கூப்புடுவேன்!" கன்னியப்பன் நோட்டை நீட்டினார். அம்சவல்லி அதை அவர் சட்டைப் பையிலேயே திணித்தாள். அவர் கல்லாவில் எறிந்தார். அவள் எடுத்து மேசையில் எறிந்தாள். கௌதம் கார்டு மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்ப்பதா, மாமனாரைப் பார்ப்பதா என்று முழித்தான். "அதக் கீழ வை" என்று சங்கீதா பல்லைக் கடித்தாள். பாவம், இந்த ஒரு சாப்பாட்டை நம்பி எத்தனை நாள் தூங்காமல் கிடந்தாளோ.

பக்கத்து மேசைக் கிழவருக்கு மனசு கேட்கவில்லை. யாரோ ஏழை, சாப்பிட வந்து காசில்லாமல் மாட்டிக்கொண்டான் என்று நினைத்துவிட்டார். எழுந்து வந்து, கன்னியப்பன் தோளில் தட்டிக்கொடுத்து, தன் கார்டை மெஷின் பக்கம் நீட்டினார்.

"இவரு இன்னா சொல்றாரு?"

"நமக்கு இவரே பில்லு கட்றாராம்ப்பா."

டம்ளரில் சாய்ந்திருந்த போனிலிருந்து அசோகன் அலறினார். "வுடாத மச்சான்! வெள்ளைக்காரன் கட்டினா சம்மந்தம் அவனோட ஆயிடும்!"

கன்னியப்பன் பாய்ந்து கிழவரின் கையைப் பிடித்தார். கிழவர் அதை நன்றி என்று நினைத்து அவரைக் கட்டிக்கொண்டார். கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினாள்.

"ஏம்மா, ரசம் இருக்குதா?"

கேட்டது ஜெயா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயாவின் தட்டில் மீன் முள் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. நெத்திலித் தட்டு காலி. கருவாட்டுப் பொரியல் பாதிக்கு மேல் காணோம். இந்த ரகளை முழுக்க அவள் ஒருத்தி நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

"அடியே, இன்னாடி செஞ்ச?" என்றார் கன்னியப்பன்.

"சாப்ட்டேன். கொழம்பு நல்லாருந்துச்சி. பையனையும் எனக்குப் புடிச்சிருக்குது. கை நனைச்சிட்டேன், சம்மதம்." விரலை நக்கிக்கொண்டே போன் பக்கம் குனிந்தாள். "அசோகண்ணே, பொம்பள சாப்ட்டா கணக்குல சேருமா, சேராதா? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

இந்தக் கேள்வியை அந்த டீக்கடையில் யாரும் கேட்டதில்லை. அசோகன் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், "டவர் இல்ல" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

"நீ சாப்புடறதெல்லாம் ஒரு கணக்கா?" என்று கேட்டார் கன்னியப்பன். கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்கே பட்டது.

ஜெயாவுக்குக் கோபம் வந்தது. வெகுநாளாக வராமல் இருந்த கோபம். ஆனால் குரல் உயரவில்லை. "என்னப் பொண்ணு கேட்டு வந்தீங்களே, அன்னிக்கி உங்கப்பா சாப்ட்டாரு. எங்கப்பா சாப்ட்டாரு. உங்க சித்தப்பா மூணு வாட்டி சோறு வாங்கினாரு. எல்லாரும் கை நனைச்சாச்சி, சம்மந்தம் முடிஞ்சிதுன்னாங்க. நான் பரிமாறிக்கிட்டு இருந்தேன். எனக்குச் சோறு மிஞ்சல. சாப்ட்டியான்னு ஒருத்தரும் கேக்கல. நீங்களும் கேக்கல."

சங்கீதா அம்மாவையே பார்த்தாள். அம்சவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கன்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். கணக்கு போட்டுப் பார்த்தார். எப்படித் திருப்பிப் போட்டாலும் விடை ஒன்றுதான். அசோகனும் இல்லை, டீக்கடையும் இல்லை, கேட்க ஆளில்லை. வயிற்றில் பசி போய் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அப்ப, இத்தினி வருசமா உனக்கு இதுல சம்மதமே இல்லியா ஜெயா?"

"யோசிச்சிதான் சொல்லணும்" என்றாள் ஜெயா. "மொதல்ல புள்ள கல்யாணத்த முடிங்க."

"முடிஞ்சிது. முடிஞ்சிதும்மா. நீ சாப்ட்டாச்சில்ல, முடிஞ்சிது." கன்னியப்பன் அவசரமாக எழுந்தார். அம்சவல்லியின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். பாத்திரத்திலிருந்து சோற்றை அள்ளி, பரிமாறிப் பழக்கமில்லாததால் பாதியை மேசையில் சிந்தி, மீதியை மனைவியின் தட்டில் வைத்தார். கௌதம் கொண்டுவந்த ரசத்தையும் அவரே ஊற்றினார்.

"சாப்புடு ஜெயா. ஒரு வாயாச்சும் சாப்புடு."

ஜெயா தட்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பசியில்ல" என்றாள்.