பெர்னிஸ் தானே இறங்குமா?

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததாகச் சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. உண்மையில், பக்கத்து வீட்டு மார்லிஸ் ட்வேய்ட் ஒரு கொழுத்த கோழியை என் கையில் திணித்து, "ஆடாம பிடிச்சுக்கங்க" என்றபோது உதித்தது. கோழியின் பெயர் பெர்னிஸ். உள்ளங்காலில் வீக்கம், நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கு. மார்லிஸ் மருந்து வைத்துக் கட்டினார். நான் கதையின் முதல் வரியை யோசித்தேன். பெர்னிஸ் என் சட்டையில் தன் விமர்சனத்தைப் பதிவுசெய்தது.

முதல் வரி இதுதான்: "மின்னசோட்டாவின் வெண்பனி மௌனமாக…"

வேண்டாம். பனி வேறெப்படி இருக்கும்? பேசவா போகிறது?

2

அந்தக் கால் வீக்கத்துக்குக் குற்றவாளி மார்லிஸின் கணவர் ஆரின். வாழ்நாள் முழுக்கக் கூரை வேய்ந்து ஓய்வுபெற்றவர். கூண்டுக்குள் கோழிகள் அடையும் கட்டையைத் தன் நெஞ்சுயரத்துக்கு அடித்து வைத்திருந்தார். ஒல்லிக் கோழிகள் பறந்து ஏறின, பறந்து இறங்கின. பெர்னிஸ் மட்டும் காலைதோறும் உறைந்த தரையில் மாவு மூட்டையாக வந்து விழுந்தது.

"கட்டைய முழங்கால் உயரத்துக்கு இறக்கு, ஆரின்."

"கோழிக்கு உயரம்தான் பிடிக்கும்."

"உனக்குப் பிடிக்கும்னு சொல்லு."

"நாப்பது வருஷம் கூரை மேல நின்னவன்கிட்ட உயரத்தப் பத்திப் பேசுறியா?"

"நின்னவன்தான? குதிச்சவன் இல்லையே!"

[இந்த இடத்தில் ஆரினுக்கு ஒரு சோகமான இளமைப்பருவம் கொடுத்தால் வாசகருக்கு அவரைப் பிடித்துப்போகும். தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. மனிதருக்கு வெறும் பிடிவாதம்.]

3

ஆரின் கட்டையை இறக்கவில்லை. பதிலுக்கு ஒரு சாய்வுப் பலகை வைத்தார், ஏணிபோலச் செங்குத்தாக. கோழிகளுக்கு ஆசை காட்ட அதன் மேல் மக்காச்சோளம் தூவினார். அத்தனையும் உருண்டு கீழே வந்தது. கோழிகள் கீழேயே நின்று, இருந்த இடத்துக்கே சாப்பாடு வரும் இந்த ஏற்பாட்டை மனமாரப் பாராட்டின.

"வழுக்குது பாரு. குறுக்க சட்டம் அடி."

"பழகிக்கும்."

வியக்கத்தக்க வகையில், பழகிக்கொண்டது. மாலையில் மார்லிஸ் தூக்கி ஏற்றிவிடுவார். காலையில் பெர்னிஸ் பலகை வழியாக ராணி மாதிரி தானே இறங்குகிறது என்று ஆரின் அறிவித்தார். என் சமையலறை ஜன்னலுக்கு வேறு கதை தெரியும். தினமும் விடியும் முன்பே, ஆரினே இரவு உடுப்பின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, கூண்டுக் கதவைத் திறந்துபோட்டு, பெர்னிஸை அணைத்துத் தூக்கி இறக்கிவிட்டுப் போனார். கட்டையை இறக்க நான்கு திருகாணிகளைக் கழற்றினால் போதும். ஆனால் மனைவி சொன்னது சரி என்று ஆகிவிடுமே!

[எழுத்தாளர்கள் இதை "அவதானிப்பு" என்பார்கள். எங்கள் தெருவில், எட்டிப் பார்ப்பது.]

4

ஒரு விடியலில் ஆரின் கூண்டு வாசலில் பனிக்கட்டி வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. சத்தம் கேட்டு நான் செருப்போடு ஓடினேன், மார்லிஸ் எனக்கு முன்பே அங்கிருந்தார்.

"இந்த இருட்டுல இங்க என்ன வேல?"

"பலகை சரியா இருக்கான்னு பாக்க வந்தேன்."

"தினமுமா?"

ஆரின் நிமிர்ந்து பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"பக்கத்துல படுத்திருக்கிறவன் எந்திரிச்சுப் போனா தெரியாதா? மெத்த சில்லுனு ஆயிடுது."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நிறுத்திருவ."

உள்ளே பெர்னிஸ், தன்னை இறக்கிவிட ஆள் வராத கோபத்தில் கொக்கரித்தது. மார்லிஸ் கூண்டைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார்.

"மொதல்ல உன்னத் தூக்குறேன். அவ கொஞ்சம் பொறுத்துக்கட்டும்."

[இதைவிடப் பெரிய காதல் வசனம் ஒன்று எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன்.]

5

மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஆரின் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருக்க, மார்லிஸ் கட்டையை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். கால் முழுக்கப் பதியும்படி கட்டையின் அகலப் பக்கத்தை மேலே திருப்பினார். கீழே வைக்கோலைக் கனமாகப் பரப்பினார். பலகையைப் படுத்தவாக்கில் சாய்த்துக் குறுக்குச் சட்டங்கள் அடித்தார்.

"எடது பக்கம் சாஞ்சிருக்கு."

"உன் தலதான் சாஞ்சிருக்கு. இந்தப் பக்கம் வந்து பிடி."

வந்தார். நல்ல கையால் பிடித்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்ததும் பெர்னிஸ் பலகையில் ஒரு கால் வைத்தது. யோசித்தது. ஏறியது, தானாக.

"பரவாயில்ல" என்றார் ஆரின்.

எங்கள் ஊரில் அது உணர்ச்சிப் பெருக்கில் நாத்தழுதழுக்க ஆற்றிய உரை.

6

ஏறியதை எழுதிவிட்டேன். மறுநாள் விடியலில் இரண்டு கோட்டுகள் கூண்டுக்குள் போயின, கதவு சாத்திக்கொண்டது. என் ஜன்னலின் எல்லை அவ்வளவுதான்.

முடிவு அ: பெர்னிஸ் இறங்க மறுத்தது, மார்லிஸ் தூக்கி…

முடிவு ஆ: பெர்னிஸ் பலகையில் தானாகவே…

இரண்டையும் முடிக்காமல் விடுகிறேன். நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவசரப்பட்டு இரண்டாவதை எடுத்துவிடாதீர்கள். கோழி தானே இறங்கிவிட்டால், அந்த இரண்டு பேரும் வீட்டுக்குள் போய் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டியிருக்கும்.