உப்புக் குப்பியும் மிளகுக் குப்பியும்

1

2011ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், திங்கட்கிழமை, காலை எட்டு மணி ஐம்பது நிமிடத்துக்கு, மிசௌரி மாநிலத்தின் தென்பகுதிக் குன்றுகளில், டாக்கெட் குடும்பத்தாரின் நூற்றறுபது ஏக்கர் காட்டில், ராய்ஸ் பென்ராட் தம் மனைவியின் அண்ணனாகிய கார்லண்ட் டாக்கெட்டைக் காட்டு வான்கோழி என்று எண்ணிச் சுட்டார். ஈயச் சன்னங்களில் இரண்டு கார்லண்டின் இடது புறங்கையில் பாய்ந்தன. ஒன்று அவர் கையிலிருந்த மரப்பெட்டியைத் துளைத்தது. மற்றவற்றை அவர் சாய்ந்திருந்த ஓக் மரம் வாங்கிக்கொண்டது. வசந்தகால வான்கோழி வேட்டையின் முதல் நாள் அது.

இந்தக் கதை கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அன்று பிற்பகல் நெல்டாவின் சமையலறையில் நான் எழுதிய இரண்டு வாக்குமூலங்களே இதன் மூலம். நெல்டா, ராய்ஸின் மனைவி, கார்லண்டின் தங்கை. நான் பக்கத்து வீட்டுக்காரி. மூவருக்கும் ஊர்ப் பள்ளியில் வேதியியல் கற்பித்தவள். கார்லண்ட் இடக்கைக்காரர், அந்தக் கையில்தான் கட்டு. ராய்ஸுக்கோ பேனா பிடிக்க முடியாதபடி நடுக்கம். வேட்டைத்துறை அதிகாரி நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஆகவே என்னை அழைத்தார்கள். ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். அந்தப் படிகள் ஓராண்டாக என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. அவற்றில் எழுதியது சரி. எழுதாமல் விட்டது என்னை விடவில்லை.

2

முதல் தொடக்கம்: “இரவு மழை ஓய்ந்த காட்டில் டாக்வுட் மரங்கள் வெள்ளை வெளேரென்று பூத்து—”

நிறுத்திவிட்டேன். பூக்கள் யாரையும் சுடவில்லை.

இரண்டாம் தொடக்கம்: “ராய்ஸ் பென்ராட் எச்சரிக்கையான மனிதர். முப்பத்து நான்கு வசந்தங்களில் ஒருமுறைகூட—”

இது உண்மை. ஆனால் வழக்கறிஞர் எழுதியது போலிருக்கிறது.

மூன்றாம் தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன். அது மேசையிலிருந்து தொடங்குகிறது.

வேட்டை தொடங்குவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை, நெல்டாவின் சமையலறை மேசையில் காட்டைப் பங்கிடுவார்கள். மேசை விரிப்பில் பாத்திரம் சுட்ட தழும்பு, குளம். நீலக் கோடு, ஓடை. நடுவில் தையல் போட்ட இடம், மரம் இழுத்த பழைய பாதை. கார்லண்ட் உப்புக் குப்பி. ராய்ஸ் மிளகுக் குப்பி. குப்பியை வைத்த இடத்தில் மறுநாள் மதியம் ஒரு மணி வரை ஆள் இருக்க வேண்டும். ஒரு மணியோடு அன்றைய வேட்டை முடிந்தது. விதிகள் இரண்டு: சொல்லாமல் இடம் மாறக்கூடாது, பேடையின் குரல் கேட்டால் அதை நோக்கி நடக்கக்கூடாது. குரல் கொடுப்பது பேடையாகவும் இருக்கலாம், பேடையைப் போல் குரல் கொடுத்துச் சேவலை வரவழைக்கும் மனிதனாகவும் இருக்கலாம். மூன்றாவது விதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வசந்தத்தில் சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக மாறும். அந்த மூன்று நிறத்தில் நூலிழைகூட உடம்பில் இருக்கக்கூடாது.

அந்த ஞாயிறன்று உப்புக் குப்பி பழைய பாதையில் நின்றது. மிளகுக் குப்பி ஓடைக்கு அப்பால்.

“போன வருஷம் மாதிரி தூங்கிறாத ராய்ஸ். உன் கொறட்டையக் கேட்டு ஒரு பேடை வந்து நின்னுதாமே.”

“வந்துதுல்ல? உன் பெட்டிக்கு யாரு வந்தா?”

“ரெண்டு பேரும் காட்டைக் கொஞ்சம் எந்தப் பக்கமாவது நகத்துங்க,” என்றார் நெல்டா. “சுட்டு வச்ச ஆப்பிள் பை ஆறுது.”

(அவர்கள் பேசுவது ஆங்கிலம், ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் அழைத்துக்கொள்வார்கள். தமிழில் ‘மச்சான்’ என்று எழுதிப் பார்த்தேன். கார்லண்டின் வாயில் அது நிற்கவில்லை. அடித்துவிட்டேன்.)

3

பெட்டியைப் பற்றி.

தேவதாரு மரத்தில் செய்த, ஒரு சாண் நீளப் பெட்டி. மூடியின் அடியில் சாக்கட்டி தேய்த்து, பெட்டியின் விளிம்பில் இழுத்தால் பேடையின் குரல் வரும். எங்கள் வட்டாரக் குரல் போட்டியில் கார்லண்ட் ஆறு முறை வென்றவர். அவர் பெட்டியை இழுத்தால், அது அவர்தான் என்று இந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். நனைந்தால் பெட்டி கெடும். ஆகவே ரொட்டி வாங்கிய நெகிழிப் பையில் சுற்றி வைத்திருப்பார்.

அன்று அந்தப் பையில் நெல்டா பிஸ்கட்டுகளைக் கட்டிக் கொடுத்திருந்தார். (முதல் வரைவில் ‘தவறுதலாக’ என்றொரு சொல் இருந்தது. எடுத்துவிட்டேன். பையில் பெயர் எழுதியிருக்கவில்லை.)

ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு மரத்தின் மேலிருந்து சேவல் கடகடவென்று குரல் கொடுத்தது. பிறகு இறங்கி, கார்லண்ட் இருந்த பக்கம் வராமல், ஓடைப் பக்கம் போயிற்று. ஏழரை மணிக்குக் கார்லண்ட் எழுந்து, யாருக்கும் சொல்லாமல், இருநூறு அடி ஓடையை நோக்கிப் போய் உட்கார்ந்தார். அது முதல் தவறு. மரங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டி நனைந்தது. குரல் உடைந்தது; கீச்சிட்டது; பாதியில் நின்றது.

ஓடைக்கு அப்பால் ராய்ஸ் அதைக் கேட்டார். அவர் சொன்னதை வாக்குமூலத்தில் செப்பம் செய்து எழுதினேன். இங்கே அவர் சொன்னபடியே தருகிறேன்:

“அவ்வளவு கேவலமா கார்லண்ட் கூப்பிட மாட்டான் டீச்சர். மனுஷன் எவனும் கூப்பிட மாட்டான். நெஜப் பேடைதான் அப்படிக் கத்தும்.”

வேறு ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே சிரிக்கமாட்டார்கள். காட்டுப் பேடைகள் நன்றாகக் குரல் கொடுப்பதில்லை. போட்டிக்குக் கொண்டுவந்தால் முதல் சுற்றிலேயே வெளியேற்றிவிடுவார்கள். குரல் எவ்வளவு மோசமோ அவ்வளவு உண்மை. பேடை இருந்தால் சேவலும் பக்கத்தில் இருக்கும் என்று கணக்கிட்டு, ராய்ஸ் எழுந்து நடந்தார். அது இரண்டாம் தவறு.

கண்டதை முதலில் எழுது, கருதியதை அடுத்த பத்தியில் எழுது என்று இந்த ராய்ஸுக்குத்தான் ஆய்வகத்தில் நூறு முறை சொல்லியிருக்கிறேன். அவர் கண்டது, இலைகளுக்கு நடுவே கையகலச் சிவப்பு. அவர் கருதியது, சேவலின் தலை. உண்மையில் அது கைக்குட்டை. பெட்டியைத் துடைப்பதற்காகக் கார்லண்ட் எடுத்தது. ஆறு முறை வென்ற மனிதர், சட்டைப் பையில் சிவப்புக் கைக்குட்டையோடு காட்டுக்குப் போயிருக்கிறார். அது மூன்றாம் தவறு.

இதற்குள் சேவல் ஒன்று மெய்யாகவே குரல் கொடுத்தது. ராய்ஸ் சுட்டார்.

4

இந்த இடத்தில் பதினொரு மாதங்கள் நின்றுவிட்டேன்.

நான் அன்று சமையலறைக்குள் நுழைந்தபோது மணி இரண்டரை. மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்தார்கள். கார்லண்ட் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார்: ராய்ஸ் இனி அந்தக் காட்டில் கால் வைக்கக்கூடாது, இந்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்றில்லை, எப்போதும். ராய்ஸ் தலையசைத்திருந்தார். அவருக்கு அந்தக் காட்டைத் தவிர வேறு ஆசை கிடையாது. அதை அவர் வாய்திறந்து சொல்லவும் மாட்டார். தாம் குரலை நோக்கி நடந்ததையும், சிவப்பைக் கண்டதையும், சுட்டதையும் சொல்லி, எல்லாம் தம் குற்றம் என்று எழுதச் சொன்னார். பிறகு வண்டி இருக்கையில் படிந்த இரத்தத்தைக் கழுவ வெளியே போனார்.

கார்லண்டின் வாக்குமூலம் மூன்று வாக்கியம். ஓக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெடிச் சத்தம் கேட்டது.

என் முதல் வரைவு இப்படிப் போகிறது:

நெல்டா மாவு எடுக்கச் சேமிப்பறைக்குப் போனார். நானும் கார்லண்டும் தனியாக இருந்தோம். கையின் எந்தப் பக்கம் சன்னம் பாய்ந்தது என்று கேட்டேன், காட்டினார். எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று கேட்டேன். கிழக்கு என்றார். ராய்ஸ் எந்தத் திசையிலிருந்து வந்தார் என்று கேட்டேன்.

கார்லண்ட் கட்டுப் போட்ட கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“பாத்தேன் டீச்சர்.”

“என்னத்தைப் பாத்தே?”

“அவனைத்தான். டாக்வுட்டுக்குப் பின்னாடி. முகம் தெரியல. நடை தெரிஞ்சுது. முப்பத்தி நாலு வருஷமாப் பாக்குற நடை.”

“ஏன் கத்தல?”

“சேவல் நாப்பதடில இருந்துது. ரெண்டு மணி நேரமா இழுத்துக் கொண்டாந்தது. கத்தினா போயிரும்.” பிறகு, “என் பெட்டிச் சத்தம் அவனுக்குத் தெரியும்னு நெனச்சேன்,” என்றார்.

பெட்டி அன்று தன் குரலில் பேசவில்லை என்பது அவருக்கு நினைவில்லை. ராய்ஸ் அவரை அறிந்ததால் ஏமாந்தார். கார்லண்ட் தம்மை அறிந்ததால்—

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. அழகாக முடியும் போலிருக்கிறது, ஆகவே ஐயப்படுகிறேன்.)

5

ஒரு திருத்தம்.

நெல்டா சேமிப்பறைக்குப் போகவில்லை. அடுப்பருகே, காப்பிப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி, தொடக்கம் முதல் நின்றுகொண்டிருந்தார். ஒப்புதல் வாக்கு இருவருக்கிடையில் நிகழ்ந்தால் கதைக்கு நன்றாயிருக்கும் என்பதற்காக நான்தான் அவரை அனுப்பி வைத்தேன். சமையலறைக் காட்சியின் வரைவை முழுதும் திருப்பிப் பார்த்தேன். நெல்டாவுக்கு நான் கொடுத்திருந்த செயல்கள் நான்கு: ஊற்றினார், நறுக்கினார், துடைத்தார், போனார். மூன்று முதன்மை மாந்தர் உள்ள கதையில் ஒருவருக்கு இவ்வளவுதான் என்றால், பிழை எழுதியவளுடையது.

இன்னொன்று. முதல் பத்தியில் ‘டாக்கெட் குடும்பத்தாரின் காடு’ என்று எழுதி ஒப்பேற்றிவிட்டேன். பத்திரப்படி அதில் சரிபாதி நெல்டாவுடையது. ராய்ஸுக்குத் தடை விதித்த கார்லண்ட் தங்கையைக் கேட்கவில்லை. எனக்கும் அது அன்று உறைக்கவில்லை.

ஆகவே நடந்தது இது. நெல்டா காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார்.

“எழுதுங்க டீச்சர்.”

“எழுதினா ராய்ஸுக்குத் தண்டனை ஒண்ணும் கொறையாது நெல்டா,” என்றார் கார்லண்ட். “சுட்டது அவன்தான்.”

“அவனுக்குக் கொறைய வேணாம். உன் பங்கை நீ எழுது.”

“மூணு நொடி. யோசிக்கறதுக்குள்ள வெடிச்சிருச்சு.”

“அந்த மூணு நொடி வேற மாதிரிப் போயிருந்தா நீ மண்ணுக்குள்ள, அவன் ஜெயிலுக்குள்ள. நான் இந்த மேசைல யாருக்கு ஆப்பிள் பை வைக்கிறது? அந்தச் சேவலுக்கா?”

அவர் குரல் உயரவில்லை. நான் நான்காம் வாக்கியத்தை எழுதினேன்: ‘ராய்ஸ் சுடுவதற்கு முன் அவரை நான் பார்த்தேன், குரல் கொடுக்கவில்லை.’ தாளைத் திருப்பி வைத்தேன். எழுதுவதுதான் என் வேலை; கையெழுத்து என் வேலையன்று. கார்லண்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பத்திரண்டு. வலது கையால் பேனாவை எடுத்து, சிறு பிள்ளையைப் போலக் கோணலாகக் கையெழுத்திட்டார். வெளியே ராய்ஸ் வாளித் தண்ணீரை வீசும் ஓசை கேட்டது. நெல்டா கதவைத் திறந்து, அவரை உள்ளே வந்து அந்தத் தாளைப் படிக்கச் சொன்னார்.

ராய்ஸ் நின்றபடியே படித்தார். இருமுறை படித்தார்.

“சேவல் எவ்வளவு பெரிசு?” என்று கேட்டார்.

“இருபத்தி மூணு, இருபத்தி நாலு பவுண்டு இருக்கும்.”

ராய்ஸ் தாளை மேசையில் வைத்தார். “நானாயிருந்தாலும் கத்தியிருக்க மாட்டேன்,” என்றார்.

நெல்டா இருவரையும் பார்த்தார். அந்தப் பார்வையைச் சொற்களில் எழுதும் முயற்சியை மூன்று முறை செய்து கைவிட்டேன்.

6

வாசகர் விரும்பினால் கதையை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்கள், சுபம். பலரும் அப்படித்தான் முடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்த முறையும் சேவல் நாற்பது அடியில் நின்றால் இருவருமே வாய் திறக்கமாட்டார்கள் என்பதுதானே அதன் பொருள்?

ராய்ஸ் காட்டை விட்டே போய்விடுவதாக இன்னொரு முடிவு எழுதினேன். துயரம் நன்றாக வந்தது. நிகழவில்லை, ஆகவே கிழித்தேன்.

நிகழ்ந்தவற்றில் எனக்குத் தெரிந்தவை: அதிகாரி இரு தாள்களையும் வாங்கிக்கொண்டார். ஜூன் மாதம் ராய்ஸின் வேட்டை உரிமம் இரண்டு வசந்தங்களுக்கு நிறுத்தப்பட்டதாகக் கடிதம் வந்தது. கார்லண்டுக்கு ஒன்றுமில்லை, வாய் மூடியிருந்ததற்கு அந்தக் கடிதத்தில் இடமில்லை.

இவ்வாண்டு ஏப்ரல் 15, ஞாயிறு மாலை, நெல்டா என்னையும் அழைத்திருந்தார். அதே மேசை, அதே விரிப்பு. கார்லண்ட் உப்புக் குப்பியை எடுக்கக் கை நீட்டினார். நெல்டா அதை முந்தி எடுத்தார்; மிளகுக் குப்பியையும் எடுத்தார்; இரண்டையும் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார். தாம் குடித்துக்கொண்டிருந்த காப்பிக் கோப்பையைத் தையலின் மேல், பழைய பாதையில் வைத்தார்.

“நான் உக்காரப் போறேன்.”

கார்லண்ட் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். எந்தப் பெட்டியைக் கொண்டுபோகப் போகிறாய் என்று மட்டும் கேட்டார். ஓட்டை விழுந்த பெட்டியைத்தான் என்றார் நெல்டா.

“அது இனிமே ஒழுங்காக் கத்தாதே.”

“அதான் வேணும்.”

மறுநாள் சேவல் வந்ததா, நெல்டா சுட்டாரா என்பதை நான் எழுதப்போவதில்லை. என் வீட்டுச் சமையலறையிலிருந்து அந்தக் காடு கேட்கும் தூரம்தான். வெடி கேட்டதா கேட்கவில்லையா என்பதை வாசகர் தம் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம். வலப்பக்க ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

அந்த மேசையில் முடிவானவை மட்டும் இவை. இரண்டு வசந்தங்களுக்குக் காட்டில் நெல்டா ஒருவர் மட்டுமே இருப்பார். கார்லண்டும் அந்த இரண்டு வசந்தங்கள் துப்பாக்கியைத் தொடமாட்டார். மூன்றாம் வசந்தத்தில் மூவரும் போவார்கள், ராய்ஸும் உண்டு. அதுவரை, வேட்டை நாள்களில், ஆண்கள் இருவரும் காட்டின் வாயிற்கதவருகே ராய்ஸின் பிக்கப் வண்டியில், ஒரே தெர்மாஸோடு, மதியம் ஒரு மணி வரை காத்திருப்பார்கள். கைக்குட்டை வெள்ளையோ சிவப்போ நீலமோ யாரும் கொண்டுவரக்கூடாது. பிஸ்கட்டுகளைக் காகிதத்தில் கட்டுவது. ரொட்டிப் பை பெட்டிக்கு.