ஒரே போர்வையை மூன்று முறை திருடியவள்

1

இந்தக் கதை ஒரு பாடப்புத்தகத்திலிருந்து துரத்தப்பட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்துகொண்டு என்னைத் திட்ட வேண்டாம்.

சிறைக்காவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் பாடம் எழுதுவது என் வேலை. பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். பூட்டுகளைப் பராமரிப்பது எப்படி, கைதியின் மனுவைப் பதிவு செய்வது எப்படி, கலவரம் வந்தால் எந்தக் கதவை முதலில் சாத்துவது, எல்லாம் நான் எழுதியவைதான். போன மாதம், புத்தகத்தின் முதல் பாடத்தைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். 'தண்டனையின் தொடக்க கால வரலாறும் திருத்தச் சிந்தனையும்'. பன்னிரண்டு பக்கம். வகுப்பே மொத்தமாகத் தூங்கும் பாடம் அது. அவர்களைக் கொஞ்சம் விழிக்க வைக்கலாமே என்று நடுவில் ஓர் எழுத்தரை நுழைத்தேன். மேலாளர் அவரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: ஆதாரம்?

ஆதாரம் கிடையாது. அந்த எழுத்தர் எந்த ஆவணத்திலும் இல்லை, அவருடைய ஊரும் இல்லை, அங்கே நடந்ததாக நான் சொல்லப்போகும் எதுவும் இல்லை. எல்லாம் என் கற்பனை. ஆனால் ஒருவரை உண்டாக்கிவிட்டு, ஆதாரம் இல்லை என்று நடுத்தெருவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால் இங்கே கூட்டி வந்திருக்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'குறி இடும் நாளன்று நீதிமன்ற வாசலில் கூட்டம் அலைமோதிய' (வேண்டாம். கூட்டம் என்றாலே அலைமோதித்தான் ஆகவேண்டுமா?)

இரண்டாம் முயற்சி: 'இரும்பு பழுக்கும்போது அதற்கு ஒரு வாசனை' (இரும்பு பழுத்து நான் பார்த்ததில்லை. வாசனை வேறு பிடித்தேனாம்.)

மூன்றாவது பரவாயில்லை: எழுத்தருக்கு ஊர் வைத்த பெயர் ஒரேமூச்சு.

அந்த ஊரில் திருடியவர்களுக்குக் கட்டைவிரலின் அடியில் இரும்பால் குறி இடுவார்கள். எவ்வளவு நேரம் இரும்பை வைப்பது? சட்டம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. எழுத்தர் பக்கத்தில் நின்று தீர்ப்பை உரக்கப் படிப்பார். முதல் சொல்லில் கொல்லர் இரும்பை வைப்பார், கடைசிச் சொல்லில் எடுப்பார். தீர்ப்பு நெடுக ஒரே வாக்கியம்: இன்னார் மகன் இன்னான், இன்ன நாளில், இன்னார் வீட்டிலிருந்து, இன்ன பொருளை எடுத்த குற்றத்துக்காக, காண்போர் அனைவரும் அறியும்படி இக்குறி இடப்படுகிறது. மற்ற ஊர்களில் இதைப் படிக்க மூன்று மூச்சு ஆகும். நம்மவர் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்.

ஊர் அவரைக் கருணை உள்ளவர் என்றது. நானும் முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன். பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. பத்து வருடம் ஒரே வேலையைப் பார்ப்பவருக்குக் கருணை அவ்வளவு நாள் தாங்குமா? எனக்குத் தாங்கவில்லை. அதனால் அவருக்கு முழங்கால் வலியைக் கொடுத்தேன். தீர்ப்பை நின்றுகொண்டுதான் படிக்க வேண்டும், அவருக்கோ சீக்கிரம் உட்கார வேண்டும், விஷயம் அவ்வளவுதான். கைதிகளின் வீட்டார் கும்பிட்டபோது அவர் மறுத்துப் பேசவில்லை. யாராவது நம்மை நல்லவர் என்றால் இல்லை என்று சண்டை போடுவோமா?

3

(மேலாளர் அனுமதித்த பகுதியிலிருந்து கொஞ்சம். தூக்கம் வந்தால் என் பொறுப்பல்ல.)

முற்காலத்தில் பெரும்பாலும் சிறை தண்டனையாகக் கருதப்படவில்லை. விசாரணை வரும்வரை ஆளை அடைத்துவைக்கும் இடமாகத்தான் இருந்தது. தண்டனை உடம்பில் விழுந்தது: சாட்டை, இரும்பு, சந்தையில் கட்டிவைத்தல், அல்லது ஊரைவிட்டே அனுப்புதல். பிறகு சிலர் கேள்வி கேட்டார்கள். வலி மனிதனைத் திருத்துகிறதா? ஒரே குற்றத்துக்கு ஒருவருக்குப் பத்து அடியும் இன்னொருவருக்கு நாற்பது அடியும் எப்படி நியாயமாகும்? தனியறையில் பேச்சுத்துணை இல்லாமல் விட்டால், குற்றவாளி தன்னைத்தானே நினைத்துப் பார்த்துத் திருந்தமாட்டானா?

அவர்களில் பலர் நல்ல மனிதர்கள்தான். அலறலைக் கேட்டுத் தூக்கம் கெட்டவர்கள். அந்தத் தனியறைகளில் மனிதர்களுக்குப் புத்தி பேதலித்தது பின்னால்தான் தெரிந்தது. நான் பதினெட்டு வருடமாக அந்த அறைகளின் பேரப்பிள்ளைகளுக்குப் பூட்டுப் பராமரிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். நல்லவர்களைத் திட்டவும் முடியவில்லை, அவர்கள் கட்டியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. அலுப்பாக இருக்கிறது.

என் கதைக்கும் அப்படி ஒரு நீதிபதி தேவைப்பட்டார். புதிதாக வந்தவர், நிறையப் படித்தவர், குறி இடும் நாளில் மதியச் சாப்பாடு இறங்காதவர். இரும்பை ஒழித்துவிட்டு, தனியறைகள் கொண்ட திருத்த வீடு ஒன்று கட்டவேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். ஆதாரம் கேட்டார்கள். (எங்கும் இதே கேள்விதான்.) அவர் எழுத்தரின் பதிவேட்டை எடுத்து எண்ணினார். ஒவ்வொரு முறை குறி இடும்போதும் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். இருபத்து மூன்று பேரில் பன்னிரண்டு பேருக்கு ஒன்றுக்கு மேல் கோடு இருந்தது. பாதிக்கு மேல் மறுபடி திருடியிருக்கிறார்கள், ஆகவே வலி யாரையும் திருத்தவில்லை என்று எழுதி அனுப்பினார். அனுமதி வந்தது, சுவர் எழும்பியது. நாலாவது கோடு விழுகிறவர்கள்தான் அங்கே முதலில் போவார்கள், இரண்டு வருடத்துக்கு.

4

என் மனைவி தீக்காயப் பிரிவில் நர்ஸ். அன்று இரவு வேலை முடிந்து காலையில் வந்தவள், காலை நீட்டி உட்கார்ந்து இதுவரை எழுதியதைப் படித்தாள்.

"ஏங்க, செவக்கக் காஞ்ச இரும்பு பட்டா ஒரு நொடி போதும். நீங்க என்னடான்னா பொறுமையா மூணு மூச்சு படிச்சிட்டு இருக்கீங்க."

(அடிக்குறிப்பு போல: இதன் பிறகு கொல்லர் இரும்பைத் தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்துத்தான் கையில் வைக்கிறார். அவருக்கு இதில் ஆட்சேபம் இல்லை.)

அவள் அதோடு விடவில்லை. எழுத்தர் அவசரமாகப் படித்ததால் வலி குறைந்தது என்று எழுதியிருந்தேன். அதுவும் தப்பாம். "சீக்கிரம் எடுத்தா மேல்தோல்தான் போகும். கொப்புளம் வந்து ஆறிடும், தழும்பு கூட நிக்காது. ஆனா நரம்பு அப்படியே இருக்கும், வலி உசிரை எடுக்கும். ஆழமாப் பட்டாத்தான் தழும்பு நிக்கும், அந்த இடம் மரத்துப் போயிடும். இன்னும் ஆழம் போனா கட்டைவிரல் இழுத்துக்கும். அப்புறம் அந்தக் கையால எதையும் பிடிக்க முடியாது."

சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். என் எழுத்தர் பத்து வருடமாகச் சேர்த்த நல்ல பெயர் போயிற்று. நான் ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தழும்பு நிற்காவிட்டால் அந்தச் சட்டம் என்ன செய்யும்?

5

நான் பாடம் எழுதுகிறவன், சட்டம் எப்படி யோசிக்கும் என்று எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு முறை, குறி பெற்றவர்கள் எல்லோரும் வேறொரு கட்டடத்தில் வேறொரு அதிகாரியிடம் கையை விரித்துக் காட்ட வேண்டும். குறி தெரியவில்லை என்றால், தண்டனை நிறைவேறவில்லை என்று பொருள். அதே தீர்ப்பு, மறுபடி இரும்பு, பதிவேட்டில் இன்னொரு கோடு.

அங்கிருந்து எழுத்தருக்கு வருவது பெயர்ப் பட்டியல் மட்டும்தான். தெரிந்த பெயர்களைப் பார்த்து, திருந்தாத ஜென்மங்கள் என்று நினைத்துக்கொள்வார். தீர்ப்பில் பொருளும் தேதியும் இருக்கத்தான் செய்தன. ஆனால் அவர் படித்த வேகத்தில், படித்ததை அவரே ஒரு நாளும் கேட்டதில்லை.

குறி இடும் நாளுக்கு முதல் நாள் மதியம் ஒரு சலவைக்காரி அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். தினமும் சுடுதண்ணீரிலும் சலவைச் சோடாவிலும் ஊறும் கை, அதில் எந்தக் குறியும் இல்லை. நாளைக்குத் தன் பெயர் இருக்கிறது என்றாள். அவர் பார்த்தார். பெயருக்கு நேரே ஏற்கெனவே இரண்டு கோடு.

"மறுபடியும் ஏம்மா எடுத்த?"

"ஒரே போர்வையை எத்தனை தடவை ஐயா நான் திருடுவேன்?"

அவர் தீர்ப்பை எடுத்து, முதல் தடவையாக நிறுத்தி நிதானமாகப் படித்தார். சலவைக்கு வந்த ஒரு போர்வை, இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. படுத்த படுக்கையாக இருக்கும் அக்காவுக்குக் குளிர் தாங்கவில்லை என்று வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். அந்த வாரமே அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் எதையும் தொடவில்லை. எழுத்தர் மற்ற பதினொரு பேரின் தீர்ப்புகளையும் எடுத்துப் பார்த்தார். யாருமே இரண்டாவது தடவை திருடியிருக்கவில்லை.

"நாளைக்கு நிறுத்திப் படிங்க ஐயா. தழும்பு நிக்கட்டும். அடுத்த வருஷமும் மறைஞ்சு போச்சுன்னா நாலாவது கோடு, அந்த வீட்டுல கொண்டுபோய் அடைச்சிடுவாங்க. கை ஆறிடும். ரெண்டு வருஷத்துல எங்கக்கா இருக்க மாட்டா."

6

முடிவுகள்.

(அ) மறுநாள் அவர் முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு மூன்று மூச்சில் படித்தார். தழும்பு நின்றது, அவள் அக்காவிடம் போனாள். (நான் இங்கேயே முடித்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பதினொரு பேர்? பொய்க் கணக்கின்மேல் எழும்பிய அந்த வீடு?)

(ஆ) அவர் நீதிபதியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். நீதிபதியின் முகம் வெளுத்தது. பிறகு, "நீங்க களைச்சுப் போயிருக்கீங்க. கூரையே போட்டாச்சு" என்றார். (அவரை இதைவிட நல்லவராக எழுத மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் கூரை போட்டாகிவிட்டிருந்தது.)

(இ) பழக்க தோஷம். அவர் மூச்சை உள்ளே இழுத்தார், பிறகு (இதை நான் எழுதமாட்டேன்.)

(ஈ) அந்த நீதிமன்றத்தில் ஒரு விதி. இரும்பு கையில் இருக்கும்போது எழுத்தர் படிக்கும் ஒவ்வொரு சொல்லையும் இன்னொருவர் பதிவு செய்வார், பதிவானதை நீதிபதியாலும் அடிக்க முடியாது. அறையில் சொன்னால் காற்றோடு போகும் உண்மை, அங்கே சொன்னால் நிற்கும். ஆகவே எழுத்தர் தீர்ப்பின் நடுவிலேயே உண்மையைச் சேர்த்துப் படிக்கலாம்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி எழுந்ததும் காட்டினேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீங்களா?"

7

கேட்கவில்லை. எழுத்தரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வாக்கியம் எத்தனை சொல் நீள்கிறதோ அத்தனை நேரம் இரும்பு அவள் கையில் இருக்கும். அவள் கேட்டது மூன்று மூச்சு, அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்கு நல்லது செய்ய அவள் கையை எடுத்துக்கொள்ளத் துணிந்த நான் எந்த விதத்தில் அந்த நீதிபதியைவிட மேல்? வெட்கமாக இருந்தது.

திரும்பப் போய் அவளிடம் கேட்டுப் பார்த்தேன். அவள், "மத்தவங்களுக்காகத்தானே, பரவாயில்லை" என்றாள். (அடித்துவிட்டேன். அது என் வசதிக்காக நானே அவள் வாயில் போட்ட பேச்சு.) அவள், "மாட்டேன், எனக்கு விரல் வேணும்" என்றாள். (இதையும் அடித்தேன். பதினொரு பேரைக் கைவிட்ட பழியை அவள் தலையில் கட்ட நான் யார்?) மூன்றாவது தடவை அவள் அவசரமாக வீட்டுக்குப் போய்விட்டாள், அக்காவைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரம்.

ஆகவே இது குறி இடும் நாள். நீதிபதி நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். கொல்லர் இரும்பை முக்கி எடுத்துவிட்டார். எழுத்தரின் இடத்தில் இப்போது நீங்கள், தாள் உங்களிடம் இருக்கிறது. வாய்விட்டுப் படியுங்கள். எந்த இடத்திலும் நீங்கள் 'இக்குறி இடப்படுகிறது' என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம்.

'சலவைத் தொழில் செய்யும் இவள், இரண்டு வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில், நோயாளியான தன் அக்காவுக்குப் போர்த்துவதற்காக, சலவைக்கு வந்த ஒரு போர்வையை எடுத்த குற்றத்துக்காக,

(மூன்று மூச்சு ஆகிவிட்டது. தழும்பு நிற்கும். அவள் கேட்டது இவ்வளவுதான்.)

அதே போர்வைக்காக ஏற்கெனவே இரண்டு முறை சுடப்பட்டு, வேறெந்தப் பொருளையும் எடுக்காதவளாகிய இவளுக்கு,

(நீதிபதி நிமிர்கிறார். பதிவு எழுதுகிறவர் எழுதிக்கொண்டே போகிறார். இந்தச் சொற்கள் தீர்ப்பில் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். உங்களைத்தான் பார்க்கிறாள்.)

இவள் பெயருக்கு நேரே உள்ள கோடுகள் திருட்டுகள் அல்ல, அவசரமாகப் படித்த என் தவறுகள் என்பதும், இவளைப் போன்ற மற்ற பதினொரு பேரின்

இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. இன்னும் பதினொரு பெயர் இருக்கிறது. நான் எழுதுவதை நிறுத்தினால் இரும்பை எடுத்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். கொல்லர் காத்திருப்பது கடைசிச் சொல்லுக்காக. பெயர்களைப் படிக்கப்போகிறீர்களா, முடிக்கப்போகிறீர்களா, எதுவானாலும் சீக்கிரம் சொல்லுங்கள்.